சாயல்குடி ரோட்டு ஓலைக் கொட்டகை: கருப்பட்டிக்குப் போகலாம், மிளகாய்க்கு வேண்டாம்

கீழக்கரையில் தொதல் (தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊற்றிக் கிண்டுகிற அல்வா மாதிரி இனிப்பு) கிண்டுகிற வீடுகளில் கருப்பட்டியைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கும். நான் ஆர்டர் எடுத்துத் தொதல் செய்து கொடுக்கிறவள். கருப்பட்டி காலை வாரினால் அன்றைக்கு ஊற்றிய தேங்காய்ப்பாலும் போச்சு, கை வலிக்கக் கிண்டியதும் போச்சு. அதனால் இந்தக் கடையைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கறார் இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி தாண்டி சாயல்குடிக்குப் போகும் வழியில், கடல் பக்கமாக இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஓலைக் கொட்டகை, முன்னால் மரப்பெஞ்சு, பின்னால் கொஞ்சம் தள்ளிப் பதநீர் காய்ச்சுகிற விடிலி. அண்ணாச்சி மரம் ஏறுகிறார், அவர் வீட்டுக்கார அக்கா காய்ச்சவும் விற்கவும் செய்கிறார். சொந்த மரம் கொஞ்சம்தான், மீதி பாட்டத்துக்கு எடுத்தது. மரத்திலும் கொல்லையிலும் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் கடையில் இருக்கும். வெளியில் வாங்கி வைத்து விற்கிற பழக்கம் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கருப்பட்டி. மாசி வாக்கில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர் வரும். அதைப் பெரிய சட்டியில் ஊற்றி, கருவேல விறகும் காய்ந்த பனைமட்டையும் வைத்து எரிக்கிறார்கள். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது அக்கா நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் தூவுவார். பொங்கல் அப்படியே அடங்கும். பாகு இறுகி வருவதைத் துடுப்பில் வழிகிற வேகத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். அப்புறம் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவது.

சீனி கலந்த கருப்பட்டி பார்க்கத்தான் அழகாக இருக்கும். வெளிறிய நிறம், மேலே ஒரு மினுமினுப்பு, உடைக்கச் சுத்தியல் வேண்டும். இங்கே கிடைப்பது மங்கலான கறுப்பு. உடைத்தால் உள்ளே பொடிப் பொடியாக இருக்கும், வாயில் போட்டால் மெதுவாகத்தான் கரையும், கடைசியில் நாக்கில் லேசான கரிப்பு நிற்கும். தொதலில் போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இந்தக் கருப்பட்டியில் கிண்டினால் எண்ணெய் பிரிந்து சட்டியை விட்டுச் சுருண்டு வரும், நாலு நாள் ஆனாலும் மெத்தென்று இருக்கும். சீனிக் கருப்பட்டியில் செய்தது மறுநாளே மேலே பூத்துப்போய் நறநறவென்று கடிபடும். விலை மளிகைக் கடையைவிடக் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடத்தான். பேரம் பேசினால் அக்கா சிரிப்பார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மேகமூட்டமான நாளில் காய்ச்சியது சில சமயம் சரியாக இறுகாது. "லாத்தா (எங்கள் வழக்கில் அக்கா), இது இளகிப் போச்சு, பரண்ல வைக்க ஆகாது" என்று அவரே தனியாக ஒதுக்கி வைத்திருப்பார். அது விலை குறைவு. எப்படியும் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தானே தொதலுக்கு ஊற்றப்போகிறோம்? ருசியில் குறையே இல்லை. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வருஷத்துக்கு வாங்கி வைக்கிறவர்கள் பங்குனி, சித்திரை வெயிலில் ஊற்றியதை வாங்கி, ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே புகைபடுகிற இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் கசியாது.

பதநீர் குடிக்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதநீர், தடவாவிட்டால் கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987-லிருந்து தடை இருக்கிறது. எங்களுக்கோ மார்க்கப்படியே ஆகாது. அதனால் வாயில் வைப்பதற்கு முன்னால் மோந்து பார்க்கிற பழக்கம் எனக்கு. இங்கே சுண்ணாம்பு அளவாக இருக்கிறது. புளிப்பு வாடை வந்ததில்லை, கூடிப்போய் நாக்கு வெந்ததும் இல்லை. ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்குச் சுளையை அதிலேயே நழுவ விட்டுக் கொடுப்பார்கள். நோன்பு மாதத்தில் காலைப் பதநீர் நமக்குக் கிடையாது. நுங்கு மட்டும் குலையாக வாங்கி வந்து, மாலையில் நோன்பு திறக்கும்போது சீவிக்கொள்வோம். அண்ணாச்சி காயைத் தட்டிப் பார்த்தே இளசு, முற்றிப்போன கடுக்காய் என்று பிரித்துத் தருவார். கடுக்காய் நுங்கைத் தின்றால் வயிறு வலிக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆடி, ஆவணியில் பனம்பழம். சுட்டுத் தருவார்கள். வாசனை எனக்குப் பிடிக்காது, என் வீட்டுக்காரருக்கு உயிர். தின்றுபோட்ட கொட்டைகளைக் கொல்லை மணலில் வரிசையாகப் புதைத்துவிடுவார்கள். வடகிழக்கு மழை அதைப் பார்த்துக்கொள்ளும். மார்கழிக் கடைசியில் தோண்டினால் பனங்கிழங்கு. தோண்டுகிற அன்றைக்குப் போனால் கொட்டையை வெட்டி உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற தவுனைச் சும்மாவே கையில் கொடுப்பார்கள். கிழங்கை வேகவைத்தும் விற்கிறார்கள், மஞ்சளும் உப்பும் சேர்த்து. நான் பச்சையாகத்தான் கட்டு வாங்குவேன். வேகவைத்துக் காயவைத்து இடித்தால் கஞ்சிக்கு மாவு ஆகும்.

இந்தப் பக்கம் எத்தனையோ பனை செங்கல் சூளைக்குப் போய்விட்டது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்றிவிடலாம், சரி, ஏறுவதற்கு ஆள்? அண்ணாச்சியின் பையன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில்.

இப்போது அந்த விதிவிலக்கு. மாசி, பங்குனியில் சாக்கில் முண்டு மிளகாய், அதாவது உருண்டை வற்றல், வைத்திருப்பார்கள். இது சொந்த வெள்ளாமை இல்லை, உள்பக்கத்து ஊரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்து போடுகிறது. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து காரில் போகிறவர்கள் எல்லாரும் நிறுத்திக் கேட்கிறார்கள், விலையும் ஏறிவிட்டது. நல்ல வற்றலைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஆட வேண்டும். இங்கே மேலாக இருப்பது ஆடுகிறது, அடியில் இருப்பது ஆடவில்லை. ஈரம் போகாத மிளகாய், எடையும் கூடக் காட்டும், டப்பாவில் போட்டால் பூஞ்சையும் பிடிக்கும். அக்காவிடமே சொன்னேன். "அது நம்ம சரக்கு இல்ல லாத்தா" என்றார். உங்கள் கடையில் இருந்தால் உங்கள் சரக்குதானே அக்கா! வற்றலுக்கு நான் பரமக்குடி பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். ஜிபே அட்டை தொங்குகிறது, சிக்னல்தான் வராது. ரொக்கமாகக் கொண்டு போங்கள். பதநீரை வீட்டுக்கு வாங்குகிறவர்கள் தூக்குவாளி எடுத்துப் போங்கள், மூடியை இறுக்கி அடைக்காமல்.