டேக்-ஆஃப் திரையைப் படிக்கப் பழக: ஏ320-ஆ, 737-ஆ?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டு, டேக்-ஆஃப் நேரத்தில் விமானி முன்னால் இருக்கும் திரை என்ன சொல்கிறது என்று ஒழுங்காகப் படிக்க நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். ஏர்பஸ் ஏ320-இல் தொடங்குவதா, போயிங் 737-800-இல் தொடங்குவதா? இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் ஏ320-ஐ எடுத்துக்கொண்டேன். பைலட் பயிற்சியில் சேரப் போகும் என் தங்கை மகனுக்கும் அதையே சொன்னேன்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இரண்டும் பழகிய விமானங்கள்தான். திருச்சியில் ஏறி சிங்கப்பூர், கோலாலம்பூர் போய்வந்தவர்கள் ஸ்கூட், ஏர்ஆசியாவில் ஏ320 குடும்பத்திலும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 737-இலும் உட்கார்ந்திருப்பார்கள். விமானம் ஓட்டும் ஆசையும் ஊருக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் அந்தக் காலத்திலேயே லண்டன் குரோய்டனில் பயிற்சி எடுத்து பைலட் சான்றிதழ் வாங்கியவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமான நிறுவனமும் நடத்தினார்.

விலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஏ320-க்கு ஃப்ளைபைவயர் குழுவின் தரமான மாடல் இலவசமாகக் கிடைக்கிறது. அதே தரத்தில் 737 வேண்டுமானால் பிஎம்டிஜி மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

திரையின் அடிப்படை அமைப்பும் ஒன்றுதான். நடுவில் அடிவானம், இடப்பக்கம் வேகப்பட்டை, வலப்பக்கம் உயரப்பட்டை, கீழே திசை. வேகப்பட்டையில் நீளும் அம்பு, இன்னும் 10 விநாடியில் வேகம் எங்கே போய் நிற்கும் என்று காட்டும். ஏர்பஸ்ஸில் அது மஞ்சள், போயிங்கில் பச்சை.

வேகப்பட்டையைப் பொறுத்தவரை போயிங்தான் புதியவருக்கு எளிது. வி1 (இதைத் தாண்டினால் டேக்-ஆஃபை நிறுத்தக் கூடாத வேகம்), விஆர் (மூக்கைத் தூக்கும் வேகம்) இரண்டையும் பச்சை எழுத்தில் அப்படியே எழுதிக் காட்டும். அவற்றைக் கணினியில் ஏற்றாமல் விட்டால், 'நோ வி-ஸ்பீட்' என்று அம்பர் நிறத்தில் அந்தப் பட்டையிலேயே எச்சரிக்கும். ஏ320-இல் எல்லாம் குறியீடு: வி1-க்கு நீல நிற '1', விஆர்-க்கு நீல வட்டம், பாதுகாப்பாக ஏறத் தேவையான வேகமான வி2-க்கு மெஜந்தா முக்கோணம். முதல் சில நாள் தேடத்தான் வேண்டியிருக்கும்.

என்னை ஏ320 பக்கம் இழுத்தது திரையின் உச்சியில் இருக்கும் எஃப்எம்ஏ வரி. இப்போது விமானத்தை எந்த மோட் நடத்துகிறது, அடுத்து எது வரக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் வரி அது.

திருச்சி 27-ஆம் ஓடுபாதையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே 36 டிகிரி. எஞ்சினுக்கு முழு உந்துவிசை தேவையில்லாததால், கணக்குப் போட்டு 52 டிகிரி என்று ஒரு ஃபிளெக்ஸ் வெப்பநிலையை ஏற்றியிருக்கிறோம். அவ்வளவு வெயில் என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் குறைந்த உந்துவிசை தரும், அதன் தேய்மானமும் குறையும். உந்துவிசை லீவரை முதலில் 50 சதவீத என்1-க்கு (என்1 என்பது எஞ்சின் விசிறியின் சுழற்சி அளவு) தள்ளி, இரண்டு எஞ்சினும் சமமாக நின்றதும் ஃபிளெக்ஸ் பள்ளத்தில் (லீவர் பாதையில் அது 'டக்'கென்று அமரும் இடம்) கொண்டுபோய் வைக்கிறோம். வேறு பொத்தான் எதுவும் அழுத்தவில்லை. எஃப்எம்ஏ-வின் முதல் கட்டத்தில் 'மேன் ஃபிளெக்ஸ் 52', இரண்டாவதில் பச்சையாக 'எஸ்ஆர்எஸ்' (ஏறும் வேகத்தைக் காக்கும் மோட்), அதன் அடியில் நீலத்தில் 'கிளைம்ப்'. ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ரேடியோ சமிக்ஞையான ஐஎல்எஸ் பிடித்திருந்தால் மூன்றாவதில் 'ரன்வே', அடியில் நீல 'நேவ்' (கணினியில் ஏற்றிய பாதையில் செல்லும் மோட்). கடைசிக் கட்டத்தில் நீலத்தில் 'ஆட்டோ த்ரஸ்ட்' (உந்துவிசையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு). பச்சை என்றால் இப்போது வேலை செய்வது. நீலம் என்றால் முறை வரக் காத்திருப்பது. புதிதாக வந்த மோடைச் சுற்றி 10 விநாடிக்கு வெள்ளைக் கட்டம் நிற்கும். இந்த வரியை விமானிகள் வாய்விட்டுப் படிப்பார்கள். வீட்டிலும் அப்படியே படியுங்கள். கண் தானாக அங்கே போகப் பழகிவிடும்.

இதில் 'மேன்' என்பது முக்கியம். உந்துவிசையை லீவரால் நாம்தான் வைத்திருக்கிறோம், ஆட்டோ த்ரஸ்ட் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. தரையை விட்டு 30 அடி ஏறியதும் 'ரன்வே' போய் 'நேவ்' பச்சையாகிறது. எஸ்ஆர்எஸ், வி2-க்கு மேல் 10 நாட் (விமான வேகத்தின் அலகு) வேகத்தைப் பிடிக்கும்படி மூக்கை வழிநடத்துகிறது. உந்துவிசைக் குறைப்பு உயரத்தை ஓடுபாதைக்கு மேல் 1500 அடி என்று வைத்திருந்தால், திருச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 290 அடியில் இருப்பதால், உயரப்பட்டையில் 1800-ஐ ஒட்டி முதல் கட்டத்தில் 'லீவர் கிளைம்ப்' என்று வெள்ளையில் மினுக்கத் தொடங்கும். லீவரைக் கிளைம்ப் பள்ளத்துக்கு இழுத்ததும் 'த்ரஸ்ட் கிளைம்ப்' வந்துவிடும். நீலமாக இருந்த ஆட்டோ த்ரஸ்ட் வெள்ளைக்கு மாறும். அதற்குப் பிறகு கணினி உந்துவிசையை எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் லீவர் அசையாது.

அந்த அசையாத லீவர்தான் வீட்டில் பழகுபவருக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாம் மேஜையில் வைத்திருக்கும் லீவரிலும் மோட்டார் கிடையாது. ஆகவே நிஜ ஏ320-இல் கையில் என்ன நடக்குமோ அதுதான் வீட்டிலும் நடக்கிறது; மீதியை அங்கே போலவே திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாய்ஸ்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. ஏ320-இல் இருப்பது சைட்ஸ்டிக். தரையில் இருக்கும்வரை அதன் நிலையை ஒரு வெள்ளைக் குறி திரையில் காட்டும். ஓட்டத்தின் தொடக்கத்தில் ஸ்டிக்கைப் பாதி முன்னே தள்ளி வைத்து, 80 நாட் வேகத்திலிருந்து மெல்ல விட்டு, 100 நாட் வேகத்துக்குள் நடுவுக்குக் கொண்டுவரும் வழக்கத்தை அந்தக் குறியைப் பார்த்தே பழகிவிடலாம்.

737-இல் கதை வேறு. லீவரை 40 சதவீத என்1 அளவுக்குக் கொண்டுபோய் டேக்-ஆஃப் உந்துவிசைக்கான டோகா பொத்தானை அழுத்தினால் எஃப்எம்ஏ-வில் 'என்1' வரும், மோட்டார் லீவரைத் தள்ளிக்கொண்டு போகும். 84 நாட் வேகத்தில் 'த்ரஸ்ட் ஹோல்ட்': மோட்டார் லீவரை விட்டுவிட்டது, இனி அது விமானியின் கையில். ஏறிய பிறகு அது 'ஆர்ம்' ஆகி, உந்துவிசை குறையும்போது மறுபடி 'என்1' ஆகும். நிஜ விமானத்தில் அருமையான ஏற்பாடு. திரையைப் பார்க்காமலே எஞ்சின் என்ன செய்கிறது என்று உள்ளங்கை சொல்லிவிடும். வீட்டில் அந்தச் செய்தி நம்மை வந்தடைவதில்லை. திரையில் லீவர் நகர்கிறது, மேஜையில் இருப்பது வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஆட்டோ த்ராட்டிலை (ஆட்டோ த்ரஸ்ட்டுக்குப் போயிங் வைத்த பெயர்) துண்டித்தால், சிமுலேட்டர் அமைப்பைப் பொறுத்து, உந்துவிசை நம் லீவர் நிற்கும் இடத்துக்குத் தாவவும் செய்யும். 'த்ரஸ்ட் ஹோல்ட்' போன்ற மோடின் பொருளே லீவரின் அசைவில் இருக்கும்போது, அசைவில்லாமல் அதை மனப்பாடம்தான் செய்ய முடிகிறது.

இன்னொன்று: போயிங் எஃப்எம்ஏ-வில் காத்திருக்கும் மோட் சிறிய வெள்ளை எழுத்தில் வரும். சின்ன மானிட்டரில் அளவு வித்தியாசத்தைவிட நிற வித்தியாசம் சட்டென்று பிடிபடுகிறது.

ஏ320-க்கும் ஒரு நிபந்தனை உண்டு. பள்ளங்கள் இல்லாத சாதாரண லீவரில் ஃபிளெக்ஸ் எங்கே, கிளைம்ப் எங்கே என்று கைக்குத் தெரியாது. பொறுமையாகக் கேலிபரேஷன் செய்ய வேண்டும், அல்லது த்ரஸ்ட்மாஸ்டரின் ஏர்பஸ் குவாட்ரன்ட் போலப் பள்ளம் உள்ளதை வாங்க வேண்டும்.

நான் இரண்டு விமானத்தின் நிஜ காக்பிட்டிலும் ஓட்டியவன் அல்ல. 737-இல் செலவழித்த நேரமும் குறைவு. அதில் ஊறியவர்கள் சிறிய வெள்ளை எழுத்து கண்ணுக்குப் பழகிவிடும் என்கிறார்கள், அதை மறுக்க என்னிடம் அனுபவம் போதாது. மோட்டார் வைத்த லீவர் வாங்க வசதி இருந்தால் நான் சொன்ன குறையில் பெரும்பகுதி போய்விடும். தங்கை மகன், "மாமா, நாளைக்கு எனக்கு 737 கம்பெனியில வேலை கிடைச்சா?" என்று கேட்டான். அந்த விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சியில் அசையும் லீவரோடு சேர்த்தே கற்றுக்கொடுப்பார்கள். அதுவரை, 'மேன் ஃபிளெக்ஸ்' முதல் 'த்ரஸ்ட் கிளைம்ப்' வரை ஒன்றையும் விடாமல் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.