மிளகாய் விதை: ஈரத்தாளில் முளைகட்டலாமா, குழித்தட்டில் நேரே போடலாமா?

இரண்டுக்கும் 25–30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 20-க்குக் கீழே போனால் எந்த முறையும் இழுத்தடிக்கும்.

முளைப்பு
ஈரத்தாள்: எந்த விதைக்கு உயிர் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.
குழித்தட்டு: ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், ஹபனேரோ போன்ற கடும் கார ரகங்கள் மூன்று, நான்கு வாரம்கூட எடுக்கும்.

செலவு
ஈரத்தாள்: டிஷ்யூ பேப்பர், மூடி போட்ட டப்பா.
குழித்தட்டு: தட்டும் தென்னை நார்க்கழிவும் வாங்கணும். தட்டு பல பருவம் உழைக்கும்.

கைவேலை
ஈரத்தாள் சறுக்குவது இங்கேதான். வெள்ளை வேர் 2–3 மி.மீ. நீண்டதுமே நட வேண்டும். ஒரு நாள் அசந்தால் வேர் தாளுக்குள் நுழைந்துகொள்ளும். பிய்த்தால் நுனி முறியும். ஒட்டிக்கொண்டதைத் தாளோடு கிழித்தே நட்டுவிடுங்கள்.
குழித்தட்டில் அரை செ.மீ. ஆழத்தில் போட்டால், 4–6 இலை வரும்வரை வேரைத் தொட வேண்டியதில்லை.

கெடுவது
ஈரத்தாள்: சொட்டச் சொட்ட நனைந்தால் காற்றில்லாமல் விதை அழுகும். பிழிந்த ஈரம் போதும்.
குழித்தட்டு: நீர் மிஞ்சினால் நாற்றழுகல். தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாயும். அதைக் காப்பாற்ற முடியாது.

பழைய விதையோ, அரிய ரகத்தில் நாலைந்தே விதையோ இருந்தால் ஈரத்தாள். புது விதை தாராளமாக இருந்தால் குழித்தட்டுதான்: குழிக்கு இரண்டு போட்டு, நோஞ்சானைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆட்டம் காணும்.