மின்பலகைக்கு நில அதிர்வுச் சோதனை: ஓர் ஆய்வகச் சேவையின் மதிப்பீடு

மருத்துவமனைகளுக்கும் தரவு மையங்களுக்கும் மின்பலகை செய்து கொடுப்பவர்கள், நிலநடுக்கத்தில் அந்தப் பலகை சாயாது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நடுக்கம் ஓய்ந்த பின்னும் அது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையைக் கட்டணத்துக்குச் செய்துதரும் வணிக ஆய்வகம் ஒன்றில், ஆளுயரத்துக்கு மேற்பட்ட எங்கள் மின்பலகையை, நிலநடுக்கம்போல் ஆட்டிக்காட்டும் அதிர்வு மேசையில் ஏற்றிச் சோதித்தோம். ஆய்வகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே சேவையை நாடவிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடியது, கொடுக்கும் பணத்துக்கு எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்ற விவரமே. சுருக்கமாகச் சொன்னால், மேசையை இயக்குவதில் அவர்கள் தேர்ந்தவர்கள். பலகையை மேசையில் பொருத்துவதில் கவனமானவர்கள். அளந்ததை எழுதித் தருவதில்தான் கஞ்சத்தனம் காட்டினார்கள்.

தூணும் உத்தரமும் உறுதியாக இருந்தால் போதாதா, உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தகாவி, மிராண்டா ஆகிய இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மருத்துவமனைக்கான மொத்த முதலீட்டில் கட்டமைப்புக்கு ஆகும் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடுதான். எஞ்சிய 92 விழுக்காடு சுவர்ப்பூச்சு, கூரைத்தட்டி, குழாய், இயந்திரம், உபகரணம் ஆகியவற்றுக்குப் போகிறது. கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் சிதைந்து, பின்னர் மிக வலுவாகத் திரும்பக் கட்டப்பட்டது. 1994-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபோது அதன் கட்டமைப்பு அசைந்துகொடுக்காமல் நின்றது. ஆனால் தீயணைப்புத் தெளிப்பான் குழாய்கள் உடைந்து தண்ணீர் புகுந்ததால் நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் சிலியின் சாண்டியாகோ விமான நிலையம் மூடப்பட்டதற்கும் கூரைத்தட்டிகளும் உட்புறச் சாதனங்களும் விழுந்து சேதமடைந்ததே முதன்மைக் காரணம்.

எங்கள் சோதனைக்கு அடிப்படையாக இருந்தது கட்டடப் பொருள்களை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான ஐசிசி-இஎஸ் வெளியிட்டுள்ள ஏசி 156 என்ற நெறிமுறை. அதில், உண்மையான ஒரு நிலநடுக்கத்தின் பதிவை அப்படியே மேசையில் ஓட்டுவதில்லை. 1.3 முதல் 33.3 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லா அதிர்வெண்களையும் உள்ளடக்கிய, ஏறத்தாழ 30 நொடி நீளும் செயற்கை அசைவு ஒன்றை உருவாக்குகிறார்கள். அதில் குறைந்தது 20 நொடிகளுக்கு வலுவான அதிர்வு இருக்க வேண்டும். மேசையின் அசைவிலிருந்து கணக்கிடப்படும் எதிர்வினை ஸ்பெக்ட்ரம் (ஒவ்வொரு இயல்பு அதிர்வெண்ணுள்ள கருவியும் எவ்வளவு முடுக்கத்தைச் சந்திக்கும் என்று காட்டும் வளைகோடு), நெறிமுறை கேட்கும் ஸ்பெக்ட்ரத்துக்கு மேலே நிற்க வேண்டும். பலகை எந்த மாடியில் வைக்கப்படும் என்பதும் இதில் முக்கியமானது. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த சூத்திரப்படி, விறைப்பான கருவி ஒன்று கூரைமட்டத்தில் தாங்க வேண்டிய முடுக்கம் தரைமட்டத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு; நெகிழ்வான கருவிக்கு அது 1.6 மடங்கோடு நின்றுவிடும். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்சிஇ 7-இன் 7-22 பதிப்பு இந்தக் கணக்கையே மாற்றிவிட்டதால், எந்தப் பதிப்பின்படி சோதனை நடக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது. எங்கள் ஆய்வகம் கேட்காமலே இதைச் செய்தது.

பலகை வந்து சேர்வதற்கு முன்பே பொருத்துச் சட்டத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார்கள். தடித்த எஃகுத் தகட்டின்மேல் பலகையின் அடிச்சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கி, அந்தத் தகட்டை மேசையோடு பிணைப்பதே வழக்கம். தகடு மெலிந்திருந்தால் அதுவே தன்போக்கில் அதிரத் தொடங்கும். பலகையின் குணம் என்று நாம் அளப்பது உண்மையில் தகட்டின் குணமாக இருக்கும். ஆய்வகப் பொறியாளர் தகட்டின் தடிமனைக் கூட்டச் சொன்னார். போல்ட் ஒவ்வொன்றுக்கும் முறுக்குவிசை எவ்வளவு என்று கேட்டு, அந்த அளவுக்கே இறுக்கி, குறித்து வைத்துக்கொண்டார். களத்தில் நான்கு போல்ட்டில் நிற்கப்போகும் பலகையை ஆறு போல்ட்டில் நிறுத்திச் சோதித்துத் தரும் இடங்களும் உண்டு என்று இந்தத் துறையில் அரசல்புரசலாகப் பேச்சு அடிபடுவதால், இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் நடந்தது ஒத்ததிர்வுத் தேடல். மிகச் சிறிய வீச்சில், தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மேசையை மெல்ல நகர்த்திச் செல்லும்போது, பலகையின் உச்சியில் ஒட்டியிருக்கும் முடுக்கமானி எந்த இடத்தில் திடீரென்று எகிறுகிறது என்று பார்க்கிறார்கள். அதுவே பலகையின் இயல்பு அதிர்வெண். இதை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக மூன்று திசைகளிலும் தனித்தனியே செய்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் இந்தக் கட்டத்தைத்தான் முழுச் சோதனையிலும் மிகப் பயனுள்ளது என்று சொல்வேன். பெரிய அதிர்வில் எது தளரும் என்பதற்கான தடயம் இதில் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. கதவு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் படபடவென்று அடித்துக்கொண்டதை எல்லாரும் கேட்டோம். பின்னர் வலுவான அதிர்வில் திறந்துகொண்டதும் அதே கதவுதான்.

மேசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் தள்ளி இழுக்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர்களால் இயங்கும் மேசை, கணினி கேட்கும் அசைவை அப்படியே தருவதில்லை. மேலே ஏற்றிய பலகையின் எடையும் அதன் ஆட்டமும் மேசையைத் திரும்பத் தள்ளுகின்றன. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் ஒரு சுருங்கி விரியும் தன்மை உண்டு. ஆகவே தாழ்ந்த அளவில் ஓட்டி, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, கட்டளைச் சமிக்ஞையைத் திருத்தி, மறுபடி ஓட்டுகிறார்கள். இந்தத் திருத்தத்தைப் பலகையின் மேலேயே செய்தால், முழு அளவுச் சோதனைக்கு முன்பே அது சோர்ந்துபோகும் அபாயம் உண்டு. இங்கே பலகைக்குச் சமமான எடையுள்ள எஃகுக் கட்டிகளை வைத்து முதலில் திருத்திவிட்டு, அதன்பின் பலகையை ஏற்றினார்கள். மேசை நேரம் அதற்குத் தனியாகச் செலவானாலும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மேசை சிறியது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜப்பானின் மிக்கி நகரில் 2005 முதல் இயங்கும் ஈ-டிஃபென்ஸ் மேசை 20 மீட்டருக்கு 15 மீட்டர் பரப்பில் 1200 டன் வரை சுமக்கும். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் கட்டப்பட்டது அது. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மேசையில் 2012-இல் ஐந்து மாடிக் கட்டடத்தைப் படிக்கட்டு, மின்தூக்கி, மருத்துவமனை அறைகளோடு சேர்த்து ஆட்டிப் பார்த்தார்கள். 2023-இல் பத்து மாடி மரக் கட்டடம் ஒன்றையே ஏற்றினார்கள். ஒரே ஒரு மின்பலகைக்கு அத்தகைய மேசை வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மேசையின் நகர்வு எல்லையை. ஒரு ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கம் வேண்டுமென்றால் மேசை இருபுறமும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நகர வேண்டும். 10 ஹெர்ட்ஸில் அதே முடுக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் போதும். சிறிய மேசைகள் தடுமாறுவது தாழ்ந்த அதிர்வெண்களில்தான். 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே கருவிக்கு ஒத்ததிர்வு இல்லை என்று காட்டிவிட்டால் 3.5 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் மட்டும் ஸ்பெக்ட்ரத்தை எட்டினால் போதும் என்று நெறிமுறையே சலுகை தருகிறது. எங்கள் பலகை அந்தச் சலுகைக்குத் தகுதியுடையதாக இருந்தது. ஆனால் உயரமான, மெலிந்த அலமாரியைக் கொண்டுசெல்பவர்கள் முன்பதிவுக்கு முன்பே மேசையின் நகர்வு எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழு அளவு அதிர்வில் பலகை நின்றது. கதவின் தாழ்ப்பாள் மட்டும் கழன்று கதவு திறந்துகொண்டது. உட்புறத்தில் மின்கம்பிக் கட்டு ஒன்று தன் பிடிப்பிலிருந்து நழுவியது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் இயங்கின. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏசி 156 கேட்பது சோதனைக்கு முன்னும் பின்னும் கருவி இயங்குகிறதா என்பதை. அதிர்வு நடந்துகொண்டிருக்கும்போதே மின்சுற்றைத் தானே இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் தொடுமுனைகள் ஒரு கணம் விலகி ஒட்டினவா என்பதை அது வலியுறுத்துவதில்லை. அணுமின் நிலையக் கருவிகளுக்கான ஐட்ரிபிள்ஈ 344 தரநிலை, அதிர்வின்போதும் கருவி தன் பணியைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. ஒரு கணம் விலகிய தொடுமுனை, அறுவை அரங்கின் விளக்கை அணைத்துவிடப் போதுமானது என்பதால், ரிலேக்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று தனியே கேட்டோம். அதற்கான கருவி அவர்களிடம் இருந்தது. கூடுதல் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம். இந்த வசதி உண்டு என்பதை அவர்களாகவே முன்வந்து சொல்லியிருக்கலாம்.

இனி அறிக்கை. தடித்த தாளில் அச்சிட்ட சான்றிதழ் முதல் பக்கத்தில் இருந்தது. அடுத்து ஏராளமான வரைபடங்கள். பலகையின் உச்சியிலிருந்து பதிவான முடுக்கத் தரவு எண்களாகக் கிடைக்கவில்லை. படமாக மட்டுமே இருந்தது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. சோதனைக்குப் பின் நடத்திய ஒத்ததிர்வுத் தேடலில், ஒரு திசையில் பலகையின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே பத்து விழுக்காடு இறக்கம் என்றால் விறைப்பில் ஏறத்தாழ 19 விழுக்காடு போய்விட்டது என்று பொருள். எங்கேயோ ஒரு போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது அடிச்சட்டத்தின் பற்றவைப்பு ஒன்று விட்டிருக்க வேண்டும். அறிக்கையில் இரண்டு வரைபடங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுதப்படவில்லை. 'தேர்ச்சி' என்ற சொல்லுக்கு அது தேவையில்லை என்பது அவர்கள் தரப்பு நியாயம். உற்பத்தி செய்பவருக்கோ அடுத்த பலகையை எப்படிச் செய்வது என்று கற்றுத்தரும் ஒரே வரி அதுதான். மின்னஞ்சலில் கேட்ட பிறகு எண் தரவை அனுப்பிவைத்தார்கள், விளக்கம் வரவில்லை. பலகையை நாங்களே பிரித்துப் பார்த்தபோது அடிச்சட்டத்தின் ஒரு மூலைப் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது.

இந்தச் சோதனை எதைச் சொல்லவில்லை என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். பலகை நின்றது எஃகுத் தகட்டில். களத்தில் அது நிற்கப்போவது கான்கிரீட்டில். கான்கிரீட்டில் பதிக்கும் நங்கூர போல்ட் பிடுங்கிக்கொள்ளுமா என்ற கேள்விக்கு இந்தச் சான்றிதழில் பதில் இல்லை. அது கட்டடப் பொறியாளர் தனியே கணக்கிட வேண்டியது. அதேபோல, நிலத்தின் ஆட்டம் மேலே ஏறுவதைக் குறைக்க அடியில் வைக்கும் அடித்தளத் தனிமைப்படுத்திகள் மேல் நிற்கும் கட்டடம் மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஊசலாடும். அந்த அசைவு ஏசி 156 தொடங்கும் 1.3 ஹெர்ட்ஸுக்கு வெகு கீழே இருக்கிறது. ஈ-டிஃபென்ஸில் தனிமைப்படுத்திகள் மேல் நின்ற நான்கு மாடி மருத்துவமனை மாதிரியை ஆட்டியபோது, குறுகிய கால அதிர்வில் உபகரணங்கள் பெரும்பாலும் அமைதியாக இருந்தன. நெடுங்கால அலைகளில் பூட்டப்படாத சக்கரங்கள் கொண்ட உபகரணங்கள் அறை முழுவதும் ஓடின. சக்கரம் வைத்த உபகரணங்களை உற்பத்தி செய்பவர்கள் இதற்கென வேறு சோதனையைத் தேட வேண்டும்.

தாங்கு சட்டம், சுவர்ப் பிடிப்பு போன்ற மின்சாரமில்லாத உறுப்புகளுக்கு அதிர்வு மேசை தேவையில்லை என்பது என் கருத்து. ஆக்சுவேட்டரால் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் சுழற்சிச் சோதனையில் எங்கே விரிசல் தொடங்குகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம், செலவும் குறைவு; அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவின் 461 ஆவணம் இவ்விரு வகைச் சோதனைகளுக்கும் நெறிமுறை தருகிறது. நடுக்கத்துக்குப் பின்னும் இயங்க வேண்டிய மின்கருவிகளுக்கோ ஏஎஸ்சிஇ 7 கணக்கீட்டை மட்டும் ஏற்பதில்லை. அதிர்வு மேசைச் சோதனையோ, முந்தைய நிலநடுக்கங்களில் அதே வகைக் கருவி நடந்துகொண்ட விதம் பற்றிய பதிவோ வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அடிச்சட்டத்தைத் திருத்திய பலகையை அதே ஆய்வகத்துக்கே அனுப்பவிருக்கிறோம். எண் தரவும், சோதனைக்கு முன்னும் பின்னுமான இயல்பு அதிர்வெண்களை ஒப்பிடும் அட்டவணையும் அறிக்கையின் பகுதியாகவே தரப்பட வேண்டும் என்ற நிபந்தனை இம்முறை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது.