மணியின் கூடு: இரண்டு குளிர்காலம் கழித்து

எங்கள் நாய் மணிக்கு ஒன்பது வயது, 31 கிலோ. மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. குட்டியிலிருந்தே வெளியில் படுத்துப் பழகியவன். உள்ளே கூப்பிட்டால் வருவான், கால் மணி நேரம் மூச்சிரைக்கப் படுத்திருப்பான், அப்புறம் கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடுவான். அவனுக்காகத்தான் இந்தக் குளிர்கால நாய்க்கூட்டை வாங்கினேன். வந்த வாரமே இதைப் பற்றி எழுதியிருந்தால் பாதி தப்பாக எழுதியிருப்பேன். இரண்டு குளிர்காலம் முழுதாகப் பார்த்தாகிவிட்டது, இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

இரட்டைச் சுவர் பிளாஸ்டிக், நடுவில் 3 செ.மீ. நுரை அடைத்திருக்கிறார்கள். சாய்வான கூரை, கீல் வைத்தது, பெட்டி மூடி போலத் தூக்கலாம். தரை மண்ணில் படாமல் 8 செ.மீ. உயரத்தில் கால்கள். வாசல் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிறது. உள்ளே பாதி தூரத்துக்கு ஒரு தடுப்பு. நாய் அதைச் சுற்றி உள்ளே போய்ப் படுத்தால், வாசலில் நுழையும் காற்று தடுப்பில் முட்டி நின்றுவிடும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது இதே கூட்டின் மிகப் பெரிய அளவு. "பெரிய நாயாச்சே, தாராளமா இருக்கட்டும்" என்றார் விற்றவர். நானும் சரி என்றேன். அது தவறு. கூட்டுக்குள் அடுப்பு எதுவும் கிடையாது, நாய்தான் அடுப்பு. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். அந்தச் சூடு தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைத்தான் வெதுவெதுப்பாக்க வேண்டும். இடம் பெரிதானால் அவ்வளவு காற்றையும் சூடாக்க அவனால் முடியாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே மைனஸ் 4, மணி ஒரு மணி நேரம் படுத்த பிறகும் உள்ளே 1 டிகிரிதான். ஒரு அளவு சிறியதாக மாற்றி வாங்கினேன். அதே மாதிரி ஓர் இரவில் 7 டிகிரி காட்டியது. தலை இடிக்காமல் நிற்க வேண்டும், ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், சுருண்டு படுக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் போதுமான இடம் இருந்தால் போதும்.

கூட்டுடன் ஒரு மெத்தையும் தருகிறார்கள். தொட்டால் அவ்வளவு மிருது. அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், வீட்டுக்குள் என்று சொல்கிறேன். மூன்றாம் நாள் காலையில் கூரையைத் தூக்கிப் பார்த்தபோது மெத்தையின் ஓரம் பலகை போல விறைத்திருந்தது. ரோமத்தில் ஒட்டி வந்த பனியும் அவன் மூச்சின் ஈரமும் அதில் ஊறி, இரவில் உறைந்துவிட்டன. கம்பளி, பழைய போர்வை எது போட்டாலும் வெளியில் இதுதான் நடக்கும். ஈரம்தான் குளிரைவிட மோசமான எதிரி.

அதற்குப் பதில் வைக்கோல் போட்டேன். வைக்கோலின் தண்டு உள்ளே வெற்றுக் குழாய், அதில் காற்று தங்கும். ஈரம் மேலே நிற்காமல் அடியில் இறங்கிவிடும். நாய் குடைந்து குழி செய்து உள்ளே புதைந்துகொள்ளலாம். மணி முதல் நாளே முன்னங்காலால் பரபரவென்று வாரி, மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொண்டு படுத்தான். மேலே இரண்டு காதும் கொஞ்சம் முதுகும்தான் தெரிந்தன. உலர்ந்த புல்லையும் வைக்கோலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புல் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை கையை அடிவரைக்கும் விட்டுப் பார்ப்பேன். கை ஈரமானால் மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவேன். கூரை திறப்பதால் இது ஐந்து நிமிட வேலை. இந்தக் கூட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அந்தக் கீல்தான்.

கூரைக்கு அடியில் விரல் நுழையும் அளவில் நான்கு துளைகள் இருக்கின்றன. காற்று வருகிறதே என்று அவற்றை டேப் ஒட்டி அடைத்தேன். மறுநாள் உள்கூரை முழுக்க நீர்த்துளிகள். சில துளிகள் உறைந்து கண்ணாடி மணிகள் போல நின்றன, மற்றவை சொட்டி மணியின் முதுகை நனைத்திருந்தன. அன்றே டேப்பைப் பிய்த்துவிட்டேன். நாய் படுக்கும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது, ஆனால் மூச்சின் ஈரம் மேலே போக வழி வேண்டும். அந்தத் துளைகளைத் தொடாதீர்கள்.

குறை என்றால் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் படுதா. மைனஸ் 8 தாண்டியதும் தகடு மாதிரி விறைத்துவிடுகிறது. மணி உள்ளே போனபின் பாதி திறந்தபடியே நிற்கிறது. வெளியே வரும்போது சடக்கென்று ஒரு சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்குப் பயந்து இரண்டு இரவு அவன் கூட்டுக்கு வெளியே, பனியிலேயே படுத்திருந்தான். காலையில் அவன் முதுகில் பனி படிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தயாரித்தவர்களுக்கு எழுதினேன், "குளிரில் இது இயல்பு" என்று பதில் வந்தது. குளிருக்கென்றே விற்கும் பொருள் அது! கடைசியில் மெல்லிய ரப்பர் விரிப்பை நீளவாக்கில் மூன்று பட்டையாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி மாட்டினேன். வாசலைக் காற்று வராத பக்கம் திருப்பி, வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தேன். அதன்பிறகு தொல்லை இல்லை.

சூடாக்கும் மின்விரிப்பு தனியாகக் கிடைக்கிறது. மணிக்குத் தேவைப்படவில்லை. மூட்டுவலி உள்ள கிழட்டு நாய்க்கு உதவலாம். வாங்கினால் நாய்களுக்கென்று, வெளியில் வைப்பதற்கென்று செய்ததாக, வயரைக் கடிக்க முடியாதபடி உறை போட்டதாகப் பாருங்கள். சூடு தரும் பல்பை மட்டும் தொங்கவிடாதீர்கள். வைக்கோலும் பல்பும் ஒரே கூட்டில் இருந்தால் தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். கூடவே வாங்கிய, உறையாத தண்ணீர்க் கிண்ணம் நன்றாகவே வேலை செய்கிறது. கடும் குளிரில் வெறும் உலோகக் கிண்ணம் வேண்டாம், ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கூடு கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் என்ஜின் தண்ணீர் உறையாமலிருக்கக் காருக்கு ஊற்றும் ஆன்ட்டிஃப்ரீஸில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும். முதலில் குடித்தவன் போலத் தள்ளாடும், பிறகு தேறிவிட்டது போலத் தெரியும், அதற்குள் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கும். நக்கியது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் பலன். நான் தினமும் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் பாதத்தை அரிக்கும். உலாவிவிட்டு வந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் விரலிடுக்கு வரை துடைத்துவிடுவேன். விரல்களுக்கு நடுவே பனி உருண்டையாகக் கட்டிக்கொண்டிருக்கும், அதையும் எடுக்க வேண்டும்.

எல்லா நாய்க்கும் இந்தக் கூட்டைச் சொல்ல மாட்டேன். எங்கள் இன்னொரு நாய் சிட்டு, குட்டை முடி, 6 கிலோ. ஒரு பகலில், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவளை உள்ளே விட்டுப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் நடுங்க ஆரம்பித்து, கால்களை மாற்றி மாற்றித் தூக்கினாள். தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். குட்டை முடி நாய், குட்டி, கிழடு, நோயாளி, மெலிந்தது இவற்றுக்கெல்லாம் குளிர்கால இரவில் இடம் வீட்டுக்குள்தான், எவ்வளவு நல்ல கூடாக இருந்தாலும் சரி. நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து விழுந்தால் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உடம்பு தோற்றுப்போகிறது என்று அர்த்தம். உலர்ந்த கம்பளியில் சுற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காது நுனியோ வால் நுனியோ வெளிறி ஜில்லென்று இருந்தால் தேய்க்காதீர்கள், தோல் இன்னும் சேதமாகும்.

மணிக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். மைனஸ் 10 என்றால் ஹீட்டர் போடாத முன்னறைதான். போன ஜனவரியில் மைனஸ் 14 வந்த இரவு அவன் கூட்டிலிருந்து நகரவே மாட்டேன் என்றான். "வா ராசா" என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் கூரையைத் திறந்து அவன் வைக்கோலில் ஒரு கூடை அள்ளி முன்னறை மூலையில் போட்டேன். பின்னாலேயே வந்து படுத்துக்கொண்டான்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், ஒன்று அந்தப் படுதாவுக்காகக் குறைகிறது. சுவரில் விரிசல் இல்லை, கீல் துருப்பிடிக்கவில்லை, வாசல் விளிம்பில் மட்டும் மணியின் பல் தடம்.