ஒரே நாற்காலியிலிருந்து எழுந்த இருவர்: ஆலோசனை நிறுவனமா, பல்கலைக்கழகமா?

2008 ஜூன் மாதம் அமெரிக்காவின் மிக ரகசியமான படைத்தலைமை கை மாறியது. கூட்டுச் சிறப்பு நடவடிக்கைத் தலைமை என்பதன் ஆங்கிலப் பெயரை ஜேசாக் (JSOC) என்று சுருக்கிச் சொல்வார்கள். டெல்டா ஃபோர்ஸ், சீல் டீம் சிக்ஸ் மாதிரியான அணிகள் எல்லாம் அதன் கீழ்தான் வரும். 2003 முதல் அதை நடத்திய ஸ்டான்லி மெக்கிரிஸ்டல் இறங்க, வில்லியம் மெக்ரேவன் அந்த இடத்துக்கு வந்தார். முன்னவர் தரைப்படை ரேஞ்சர், 1976-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து வெளிவந்தவர். பின்னவர் சீல் எனப்படும் கடற்படைச் சிறப்புப் படைக்காரர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துவிட்டு 1977-ல் சேர்ந்தவர். வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம். இரண்டு பேரும் நான்கு நட்சத்திரம் என்ற உச்சப் பதவி வரை போனார்கள்.

சீருடையைக் கழற்றிய பிறகு மெக்கிரிஸ்டல் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். மெக்ரேவன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சிறப்புப் படையிலிருந்து வெளியே வரும் அதிகாரிக்கு முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கதவுகள் இவை. ஒரே வேலையைச் செய்த இருவர் ஆளுக்கொரு கதவைத் திறந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

மூன்றாவதாக ஒரு கதவும் உண்டு. அதைச் சொல்லிவிட்டு உடனே மூடிவிடுகிறேன். முன்னாள் சீல் அதிகாரி எரிக் பிரின்ஸ் 1997-ல் பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் அந்த நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பேர் செத்தார்கள், எல்லோரும் சாதாரண மக்கள். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே தனியாரிடம் போகிற வழி அது. நான் பேச வந்தது துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தலையில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி.

தலையில் இருப்பதில் எது வெளியே வரும்?

இருவருக்கும் பொதுவான சிக்கல் இது. முப்பது வருட அனுபவத்தில் பெரும்பகுதி ரகசியம். யார், எங்கே, எந்தக் கருவி, எந்த உளவாளி என்று எதையும் வெளியே சொல்ல முடியாது. புத்தகம் எழுதினால் முதலில் பாதுகாப்புத் துறையின் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும், ஓய்வுபெற்று எத்தனை வருடம் ஆனாலும் சரி. பின் லேடன் தாக்குதலில் பங்கெடுத்த ஒரு சீல் வீரர் 2012-ல் அந்தச் சோதனையைத் தாண்டாமலேயே புத்தகம் வெளியிட்டார். கடைசியில் 66 லட்சம் டாலருக்கு மேல் அரசுக்குத் திருப்பிக் கட்டச் சம்மதிக்க வேண்டியதாயிற்று.

அதனால் வெளியே வருவது முறை மட்டும்தான். ‘என்ன செய்தோம்’ உள்ளேயே தங்கிவிடும், ‘எப்படி யோசித்தோம்’ வெளியே வரும். கேள்வி, அந்த ‘எப்படி’யை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான்.

மெக்கிரிஸ்டல்: ஒரு கூட்டம் சரக்கானது

ஈராக் போரின்போது ஜேசாக் இயங்கிய இடம், பாக்தாதுக்கு வடக்கே பலாட் விமானத் தளம். பிளைவுட் அடித்த அறைகள், சுவர் நிறையத் திரைகள். வாரத்தில் ஆறு நாள், தினமும் இரண்டு மணி நேரம் வரை ஒரு வீடியோ கூட்டம் நடக்கும். முதலில் படைக்குள் இருந்த கொஞ்சம் பேர் மட்டும் கலந்துகொண்டார்கள். போகப்போக சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ., தூதரகங்கள் என்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். எங்கோ ஒரு மூலையிலிருந்து இளம் பகுப்பாய்வாளர் ஒருவர் படபடப்போடு அறிக்கை வாசிப்பார். மெக்கிரிஸ்டல் அவரைப் பேர் சொல்லி அழைப்பார். பேர் முன்கூட்டியே அவர் கைக்கு வந்திருக்கும். வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். சில சமயம் பதில் அவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்பார், கவனித்தேன் என்று காட்டுவதற்காக. மற்றவர்களுக்குக் கேட்கும்படி வாய்விட்டு யோசிப்பார்.

2004-ல் மாதத்துக்கு இருபதைக்கூடத் தொடாத ஜேசாக்கின் அதிரடித் தாக்குதல்கள் 2006-ல் 300-ஐ எட்டின. 2006 ஜூன் 7 அன்று ஈராக் அல்-கொய்தாவின் தலைவர் சர்காவி கொல்லப்பட்டார். தகவலைப் பூட்டிவைக்காமல் பகிர்ந்ததும், முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழே இறக்கியதும்தான் இதற்குக் காரணம் என்பது மெக்கிரிஸ்டலின் வாதம்.

2010 ஜூனில் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தது. அவருடைய உதவியாளர்கள் துணை அதிபர் உள்ளிட்டவர்களை ஏளனமாகப் பேசியது அச்சில் வந்தது. 23-ஆம் தேதி, அப்போது வகித்த ஆப்கானிஸ்தான் தளபதி பதவியை விட்டு விலகினார். அடுத்த வருடத் தொடக்கத்தில் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் மெக்கிரிஸ்டல் குரூப் பிறந்தது. அது ஆயுதம் விற்கவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பலாட் கூட்டத்தின் முறையைப் பெரிய நிறுவனங்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது பாஸ்டன் நகர நிர்வாகமும் மிசௌரி மாநில அரசும் இவர்களைக் கூப்பிட்டன. ஒரு தொற்றுநோய்க்கு எதிராகப் பல துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்க, பயங்கரவாத வலையை உடைத்தவர்களைக் கூப்பிட்டதில் பொருத்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. பலாடில் அந்தக் கூட்டம் ஏன் வேலை செய்தது? அதன் பின்னால் வரம்பில்லாத பணம் இருந்தது, தலைக்கு மேலே ட்ரோன்கள் இருந்தன, கூட்டத்துக்கு வராமல் இருக்க முடியாதபடி ஒரு ஜெனரலின் அதிகாரமும் இருந்தது. ஒரு கம்பெனி மேலாளருக்கு இதில் எதுவும் கிடையாது. முறையை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் செடியை மண்ணில்லாமல் கொடுத்த மாதிரிதான்.

இன்னொன்றும் உண்டு. இதே படையினர் பாக்தாத் விமான நிலையம் அருகே கேம்ப் நாமா என்ற இடத்தில் கைதிகளை அடித்துத் துன்புறுத்தியது 2006-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பலர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. வேகமாகத் தகவல் வேண்டும் என்று விரட்டுகிற ஓர் அமைப்பில் எது கழன்றுபோகும் என்பதற்கு அதுவும் பாடம். கட்டணம் கட்டி உட்கார்ந்திருக்கும் நிர்வாகக் குழு அதைக் கேட்காது, கேட்கவும் அவசியமில்லை. வகுப்பில் இருக்கும் இருபது வயது மாணவி கேட்பாள்.

மெக்கிரிஸ்டலுக்கே இது தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. நிறுவனம் தொடங்கும் முன்பே, 2010 ஆகஸ்டிலேயே, அவர் யேல் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பண்பு பற்றிப் பாடம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. வகுப்பறை முதலில், கம்பெனி அப்புறம். அவரை வெறும் கன்சல்டன்ட் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

மெக்ரேவன்: பல்கலைக்கழகம் படைத்தளம் ஆகாது

2014 மே மாதம், சீருடையில் இருக்கும்போதே, தான் படித்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பட்டமளிப்பு உரை நிகழ்த்தினார். காலையில் எழுந்ததும் படுக்கையை ஒழுங்காக மடித்துவையுங்கள் என்பதை முதல் பாடமாகச் சொன்ன அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆகஸ்டில் 37 வருடச் சேவையை முடித்தார். 2015 ஜனவரியில் டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் சான்சலர் ஆனார். நம் ஊரில் வேந்தர் என்றால் பெரும்பாலும் ஆளுநர், பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர். அங்கே சான்சலர் முழுநேர நிர்வாகி. 14 கல்வி நிறுவனங்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் மாணவர்கள்.

வந்த வேகத்தில் அவர் சந்தித்த முதல் விஷயம் துப்பாக்கி. வளாகத்துக்குள் மறைவாகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் உள்ளவர்களை அனுமதிக்கும் மசோதா சட்டமன்றத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஆயுதத்தோடு இருந்த மனிதர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். வளாகம் இதனால் பாதுகாப்பு குறைந்த இடமாகும் என்றார். சட்டம் நிறைவேறியது. 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கும் வந்தது. சிறப்புப் படையின் மிகப் பெரிய பெயரும் சட்டமன்றத்தில் ஓர் ஓட்டாக மாறாது.

அடுத்தது ஹூஸ்டன். தன் பல்கலைக்கழக அமைப்புக்காக அங்கே 300 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்க முடிவெடுத்து 2015 நவம்பரில் அறிவித்தார். ஹூஸ்டனில் ஏற்கெனவே வேறொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள் என்று அவர்கள் கொதித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் கூப்பிட்டுக் குடைந்தார்கள். அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்று தெளிவான பதில் இல்லை. 2017 மார்ச்சில் திட்டத்தைக் கைவிட்டு, பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். எதிரி அறியாமல் போய் இறங்கிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்வது கமாண்டோவுக்குச் சரி. பேராசிரியர்கள், செனட்டர்கள், பக்கத்துப் பல்கலைக்கழகம் என்று எல்லோரையும் வைத்து நடத்த வேண்டிய இடத்தில் அது செல்லாது. உடல்நிலையைக் காரணம் சொல்லி 2018 மே மாதம் விலகி, ஆஸ்டினில் உள்ள பொதுக்கொள்கைக் கல்லூரியில் பேராசிரியராகத் தங்கினார்.

அந்த ஆகஸ்டில் நடந்தது முக்கியம். முன்னாள் சி.ஐ.ஏ. தலைவர் ஜான் பிரென்னனின் ரகசிய அனுமதியை, அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்கும் உரிமையை, அதிபர் டிரம்ப் ரத்து செய்தபோது, ‘என்னுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் மெக்ரேவன் திறந்த மடல் எழுதினார். நான்கு நாளில் பென்டகனின், அதாவது பாதுகாப்புத் துறையின், ஆலோசனைக் குழுவிலிருந்தும் விலகினார். மெக்கிரிஸ்டலும் அதே வருடக் கடைசியில் அதிபரை வெளிப்படையாக விமர்சித்தவர்தான். அவர் நிறுவனம் பென்டகன் ஒப்பந்தத்தை மட்டுமே நம்பி இருந்ததில்லை. ஆனால் பாதுகாப்பு ஒப்பந்தங்களில் பிழைக்கும் சராசரி ஆலோசகருக்கு அந்த அனுமதிச் சீட்டுதான் சோறு. அவர் இப்படி ஒரு மடல் எழுதும் முன் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் நினைத்துப் பார்ப்பார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு வழிகளையும் எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

உண்மையான கல்வி வேலை எப்போது நடந்தது?

மெக்ரேவனைக் கல்விக்குப் போனவர் என்று சொல்லும்போது எல்லோரும் 2015-ஐச் சொல்கிறார்கள். நான் 1993-ஐச் சொல்வேன். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் கடற்படையின் முதுநிலைக் கல்லூரி இருக்கிறது. சிறப்பு நடவடிக்கைகளுக்கென்று அங்கே தொடங்கிய பாடத்திட்டத்தை உருவாக்க உதவியவரும், அதில் முதலில் படித்தவர்களில் ஒருவரும் அவர்தான். 1993-ல் சமர்ப்பித்த ஆய்வேடு ஒரே கேள்வியைக் கேட்டது: சிறிய படை, பாதுகாப்பான இடத்தில் இருக்கும் பெரிய படையை எப்படி வெல்கிறது? பெல்ஜியத்தின் எபன் எமல் கோட்டைமேல் 1940-ல் கிளைடரில் இறங்கிய எண்பது சொச்சம் ஜெர்மானியர்கள், 1976-ல் என்டெபி விமான நிலையத்தில் பிணைக்கைதிகளை மீட்ட இஸ்ரேலியர்கள் என்று எட்டுச் சம்பவங்களைப் பிரித்துப் பார்த்தார். எளிமை, ரகசியம், ஒத்திகை, திடீர்த்தன்மை, வேகம், நோக்கம் என்று ஆறு விதிகள் கிடைத்தன.

பதினெட்டு வருடம் கழித்து 2011 மே 2. ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் உட்கார்ந்து பாகிஸ்தானின் அபோட்டாபாத் தாக்குதலை நடத்தியவர் அதே மனிதர். பின் லேடன் வீட்டின் மாதிரியைக் கட்டிவைத்து வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். முதல் ஹெலிகாப்டர் வளாகத்துக்குள்ளேயே விழுந்தபோது குரல் உயரவில்லை. அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதும் திட்டத்திலேயே இருந்தது. அந்த ஆய்வேட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு யாருக்காகவும் எழுதவில்லை. எழுதியவரே முதல் வாடிக்கையாளர், அதுவும் உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

அதனால் என் தீர்ப்பு இது. ஆலோசனையா, கல்வியா என்று ஓய்வுபெறும் நாளில் கேட்டால் தாமதம். படையில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதியவருக்கு இரண்டு கதவும் திறக்கும். எழுதாதவருக்கு ஆலோசனைக் கதவு மட்டும், அதுவும் தொடர்புகள் சூடாக இருக்கும் இரண்டு மூன்று வருடத்துக்கு மட்டும் திறக்கும். இப்போது ஓய்வுபெறும் மூன்று, நான்கு நட்சத்திர அதிகாரிகள் பென்டகனிடம் இரண்டு வருடம் யாருக்காகவும் பரிந்து பேசக் கூடாது என்று 2017 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது. இந்தியாவிலும் ஓய்வுபெற்ற ஒரு வருடத்துக்குள் தனியார் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். தொடர்பை விற்க நினைப்பவருக்கு அந்த இடைவெளி இழப்பு. எழுத நினைப்பவருக்கு வரம்.

ஜெனரல், அட்மிரல் கதை சாதாரண மேஜருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அவர்களுக்காகத்தான் கிறிஸ் ஃபசலைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் சீல் அதிகாரி, ஒரு வருடம் மெக்கிரிஸ்டலின் உதவியாளர். மான்டரேயில் முதுகலை படித்து, பல அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் குழுக்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பிறகு மெக்கிரிஸ்டல் குரூப்பில் சேர்ந்து அதன் தலைவரானார், யேலிலும் பாடம் எடுத்தார். பேர் சொன்னால் தெரியாத ஓர் அதிகாரிக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைத்தது. நடுவில் இருந்த பாலம் அந்த ஆய்வேடு என்பது என் கணிப்பு.

நீலகிரியில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிக்கும் நம் அதிகாரிகளுக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது. பதவி உயர்வுக்கான சடங்காக நினைத்து அதை முடிப்பவர்கள் மெக்ரேவனின் 1993 ஆய்வேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். மான்டரே கல்லூரியின் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் ஆறு விதிகளோடு மல்லுக்கு நிற்கும் கட்டுரைகளைச் சிறப்புப் படை அதிகாரிகளே இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.