பழைய சிஜிஏ அட்டைக்கு ஜிபிஎஸ்-8200 குறிகை மாற்றும் பலகை

1981இல் ஐபிஎம் பீசியோடு வந்த சிஜிஏ என்ற வண்ணத் திரை அட்டை படத்தின் கிடை வரிகளை 15.7 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும். பின்னாளில் வந்த விஜிஏ திரைக்கு 31.5 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஜிபிஎஸ்-8200 அந்த இடைவெளியை நிரப்புகிறது. 5 வோல்ட் அடப்டர் போதும்.

சிக்கல் வண்ணத்தில்தான். சிஜிஏ தருவது ரீரீஎல் எனப்படும், உண்டு-இல்லை என்ற இரு நிலை மட்டுமுள்ள இலக்கக் குறிகை, பலகை எதிர்பார்ப்பதோ படிப்படியாக மாறும் 0.7 வோல்ட் அனலொக் குறிகை. நேரே கொடுத்தால் நிறங்கள் வெளிறிப்போகும், உள்ளீடும் பழுதாகலாம். அட்டையின் இணைப்பியில் சிவப்பு, பச்சை, நீலம் வரும் 3, 4, 5ஆம் பின்களுக்கு ஒவ்வொரு 470 ஓம் தடையி போடுங்கள். 6ஆம் பின்னில் வரும் செறிவுக் குறிகையை (நிறத்தைப் பிரகாசமாக்குவது) மூன்று 1 கிலோஓம் தடையிகளால் மூன்று நிறங்களுக்கும் பிரியுங்கள். இதை விட்டால் 16 நிறம் எட்டாகிவிடும். மண்ணிறம் மட்டும் மங்கிய மஞ்சளாகவே தெரியும். சிஜிஏக்கென வந்த ஐபிஎம் 5153 திரையில் அதைத் திருத்தத் தனிச்சுற்றே இருந்தது.

விளையாட்டுகளுக்கு அருமையான பலகை. 80 நிரல் எழுத்து சற்று மங்கல், நாள் முழுக்க வாசிக்க உகந்ததல்ல. ஹெர்குலிஸ் என்ற ஒற்றை நிறத் திரை அட்டைக்கு வாங்காதீர்கள்: அதன் 18.4 கிலோஹெர்ட்ஸ் இதன் வீச்சுக்குள் இல்லை.

யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் அட்டையின் விளிம்புத் தொடுகைகள் கறுக்கும். படம் வராவிட்டால் பலகையைக் குறைசொல்லமுன் அவற்றை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள்.