பசிக்கு அட்டையா, பெட்டியா, பட்டியலா?

2023-இல் அமெரிக்காவில் 4.74 கோடிப் பேர், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நிச்சயமில்லாத வீடுகளில் வாழ்ந்தார்கள். அந்நாட்டு வேளாண் துறையே வெளியிட்ட கணக்கு இது. இந்த ஆண்டறிக்கையை நிறுத்தப் போவதாக 2025 செப்டம்பரில் அத்துறை அறிவித்தது. பசியைக் கணக்கெடுக்காமல் விடுவது பெரும் தவறு.

இவர்களுக்கு உணவு போய்ச் சேர அங்கே நான்கு வழிகள் பேசப்படுகின்றன. நான்கையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன்: தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

முதல் வழி, ஸ்நாப் அட்டை. உணவு வாங்குவதற்கான பணத்தை அரசு மாதாமாதம் இதில் ஏற்றுகிறது. பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப். 1939-இல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் இது தொடங்கியபோது, ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் வாங்கினால் 50 சென்ட்டுக்கு நீல ஸ்டாம்ப் இலவசம். நீலத்தைக் கொண்டு அரசு உபரி என்று அறிவித்த பொருளை மட்டுமே வாங்கலாம். ஏழையின் பசியோடு விவசாயியின் தேக்கத்தையும் தீர்ப்பது நோக்கம். 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இதை நிலையான திட்டமாக்கியது. 2024-இல் சுமார் 4.2 கோடிப் பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 டாலர் கிடைத்தது. தனி ரேஷன் கடை கிடையாது. எல்லோரும் போகும் சூப்பர் மார்க்கெட்டில், எல்லோரும் நிற்கும் வரிசையில் நின்று வாங்கலாம். அந்த மரியாதைதான் இதன் பெரிய பலம். குறையும் உண்டு. சூடான உணவு வாங்க முடியாது. சுட்ட கோழி ஆறி, குளிர்பெட்டிக்குப் போனால் வாங்கலாம். சூடாக இருந்தால் கூடாது. அடுப்பே இல்லாதவருக்கு இது கொடுமையான விதி. சில மாநிலங்களில்தான் அவருக்கு விலக்கு உண்டு.

இரண்டாவது, பெட்டி. ஸ்நாப்பில் மாதம் 90 டாலரோ அதற்கு மேலோ பெறும் குடும்பங்களுக்கு, உதவியில் ஏறக்குறையப் பாதியைப் பணமாகத் தராமல் கெடாத பால், பாஸ்தா, வேர்க்கடலை வெண்ணெய், டின் காய்கறி என்று நிரப்பி அனுப்பலாம் என 2018-இல் டிரம்ப் அரசின் பட்ஜெட் யோசனை சொன்னது. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கும் வீடும் சர்க்கரை நோயாளி இருக்கும் வீடும் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஏற்காதது நல்லதே.

மூன்றாவது, பட்டியல். கர்ப்பிணிகள், தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விக் திட்டத்தில், குறித்த பொருளைக் குறித்த அளவில்தான் வாங்கலாம். 2009-இல் பட்டியலைத் திருத்திப் பழம், காய்கறி, முழுதானியம் சேர்த்தார்கள். சத்துணவு என்ற வகையில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் குழந்தைப் பால்மாவுக்கு ஒவ்வொரு மாநிலமும் தள்ளுபடிக்காக ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. நாட்டில் விற்கும் பால்மாவில் பாதிக்கு மேல் இத்திட்டத்தில் போவதால், சந்தையே சில கைகளுக்குள் சுருங்கிவிட்டது. 2022 பிப்ரவரியில் மிச்சிகனில் அபாட் நிறுவனத்தின் ஓர் ஆலை மூடப்பட்டதும், நாடு முழுவதும் தாய்மார்கள் பால்மா தேடிக் கடை கடையாக அலைந்தார்கள்.

நான்காவது, நன்கொடையாக வரும் உணவைச் சேர்த்து இலவசமாகத் தரும் உணவு வங்கி. 1967-இல் ஃபீனிக்ஸில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியது. இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற வலையமைப்பில் சுமார் 200 வங்கிகள். தொண்டர்களின் உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் தாங்கள் ஒரு வேளை உணவு தந்தால் ஸ்நாப் ஒன்பது வேளை தருகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். 2025 நவம்பரில், நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு முடங்கியதால் அட்டையில் பணம் ஏறாதபோது வங்கி வாசல்களில் நீண்ட வரிசைகள் அதைக் காட்டின.

ஆக, அட்டைதான் என் தேர்வு. அந்த அட்டையில் சோடா வாங்கலாமா என்பதுதான் இப்போதைய சண்டை. தடை கேட்டு 2010-இல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் விண்ணப்பித்தார். மறுவருடம் மத்திய அரசு மறுத்தது. 2025-இல் காற்று திசைமாறி, முதல் அனுமதி நெப்ராஸ்காவுக்குக் கிடைத்தது. அணிகளும் விசித்திரமானவை. செலவைக் குறைக்க விரும்பும் பழமைவாதிகளும் பொதுச் சுகாதார நிபுணர்கள் சிலரும் தடையை ஆதரித்து ஒருபக்கம். பசி ஒழிப்பு அமைப்புகளும் சோடா கம்பெனிகளும் மறுபக்கம்.

வேளாண் துறை 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்நாப் குடும்பங்களின் மளிகைச் செலவில் 9.3 சதவீதம் இனிப்புப் பானங்களுக்குப் போனது. மற்றக் குடும்பங்களில் 7.1 சதவீதம். சோடா நாடு முழுவதற்குமான நோய் என்றுதான் இந்தக் கணக்கு சொல்கிறது. ஏழையின் அட்டையில் மட்டும் பூட்டுப் போடுவது நியாயமில்லை.

தடைக்கு மாற்று ஒன்று ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12-இல், ஸ்நாப் அட்டையில் பழம் காய்கறிக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பித் தந்தார்கள். அவற்றை உண்பது 26 சதவீதம் கூடியது. இத்தகைய ஊக்கத்தொகைக்கு, வேளாண், உணவுத் திட்டங்களுக்கான 2018 பண்ணைச் சட்டம் ஒதுக்கியது ஐந்தாண்டுக்கு 25 கோடி டாலர். ஸ்நாப்பின் ஒரு வருடச் செலவு மட்டும் சுமார் 10,000 கோடி டாலர்.